குரல் மறந்துபோன பையன்

என் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆசிரியையாகி இருபது வருடம் ஆகிறது. அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் இப்போதும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

நான்காம் வகுப்பில் ஒரு பையன். அம்மா இறந்து ஒரே வாரத்தில் பள்ளிக்கு வந்தவன், இடைவேளையில் பந்து உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "பாவம், ஒண்ணும் புரியலை" என்றார் சக ஆசிரியர் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. சின்னப் பிள்ளைகளால் துக்கத்தை மணிக்கணக்கில் சுமக்க முடியாது. கொஞ்சம் அழுவார்கள், ஓடிப்போய் விளையாடுவார்கள், மறுபடி வந்து அழுவார்கள். அப்பா போன வாரத்தில் நானும் கயிறு தாண்டி விளையாடினேன். அதைப் பார்த்து ஒரு பெரியவர் சொன்ன வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

மூன்று மாதம் கழித்து, நோட்டு திருத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்தான். "டீச்சர், எங்கம்மா குரல் மறந்துக்கிட்டே வருது."

முகத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. குரல்தான் நழுவிவிடுகிறது. "எனக்கும் எங்கப்பா குரல் மறந்துடுச்சுடா. வாசல்ல செருப்பை விடும்போது இருமுவார், அது மட்டும் கேட்குது" என்றேன். அவன் அப்பாவிடம் பேசினேன். பிள்ளை அழுவானே என்று வீட்டில் அவள் பேச்சையே எடுப்பதில்லையாம். அவள் அனுப்பிய குரல் பதிவுகள் போனில் இருந்தன. கேட்கும் தைரியம் அவருக்கே வரவில்லை. இருவரும் சேர்ந்து கேளுங்கள் என்றேன்.

ஃபிலிஸ் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் ஹார்வர்டில் செய்த ஆய்வைப் பின்னால்தான் படித்தேன். 70 குடும்பங்களில், தாய் அல்லது தந்தையை இழந்த 125 பிள்ளைகளை இரண்டு வருடம் கவனித்திருக்கிறார்கள். பலர் இறந்தவரோடு மனதுக்குள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் பெற்றோர் எவ்வளவு திடமாக நிற்கிறாரோ, அதைப் பொறுத்தே பிள்ளையும் தேறுகிறது.

ஐந்து வருடம் கழித்து, ஒன்பதாம் வகுப்பில் அவன் மறுபடி என்னிடம் வந்தான். "அம்மாவுக்கு என்ன வியாதி டீச்சர்? முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

அவன் தேறிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கே தெரிந்திருக்க வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயதானபோதுதான் அது எவ்வளவு சின்ன வயது என்று உறைத்தது. அந்த வயதில்தான் என்னிடம் "இனிமே நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். மகளைப் பார்த்து அது உறைத்த அன்று இரவு, அப்பாவுக்காக இரண்டாம் முறை அழுதேன்.

சரி, அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அப்பாவிடமே கேட்கச் சொன்னேன்.

மறுநாள் வந்து சொன்னான்: "ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாத்தையும் எடுத்து வெச்சு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் சொன்னாரு டீச்சர்."

முதல் பீரியட் என்னுடையது. மேஜையில் தலைவைத்துத் தூங்கிவிட்டான். நான் எழுப்பவில்லை.