கிளைக்காலிசிஸ் பட்டியலுக்குள் உட்கருத் துளைப் புரதங்கள்

சோதனையில் மாற்றம் கண்ட மரபணுக்கள் எந்தப் பாத்வேயில் (செல்லின் வினைத்தொடரில்) தற்செயலை விட அதிகமாகக் குவிகின்றன என்று மென்பொருளிடம் கேட்கிறோம். அதன் பதில், பாத்வே தரவுத்தளம் வைத்திருக்கும் மரபணுப் பட்டியலைப் பொறுத்தது. அப்படியொரு தளமான ரியாக்டோமில் மனிதக் கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸைச் சிதைக்கும் வழி) பாத்வேயைத் திறந்து, மரபணுப் பட்டியலை இறக்கிப் பாருங்கள். ஹெக்ஸோகைனேஸ், பைருவேட் கைனேஸ் போன்ற நொதிகள் எல்லாம் எதிர்பார்த்தபடி இருக்கும். கூடவே, உட்கருச் சவ்வின் துளையைக் கட்டும் நியூப் வகைப் புரதங்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கும். இது பிழை அல்ல. கல்லீரலில் கிளைக்காலிசிஸின் முதல் படி நொதியான குளுக்கோகைனேஸை ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் உட்கருவுக்குள் பிடித்து வைக்கிறது. போக்குவரத்து அந்தத் துளை வழியாகத்தான். தொகுத்தவர்கள் அந்தப் படியையும் சேர்த்திருக்கிறார்கள். விளைவு: உங்கள் சோதனையில் துளைப் புரதங்கள் மட்டும் கூடியிருந்தாலும் மென்பொருள் "கிளைக்காலிசிஸ்" என்று சொல்லக்கூடும்.

கெக் என்ற இன்னொரு பாத்வே தரவுத்தளத்தில் (1995-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா தொடங்கியது) எல்லை வேறு. அங்கே கிளைக்காலிசிஸும் அதன் எதிர்வழியான குளுக்கோநியோஜெனிசிஸும் ஒரே படம். ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ்களும் அதில் உண்டு. இரண்டு தளங்களின் முடிவு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் பட்டியல்களை ஒப்பிடுங்கள். உயிரியல் விளக்கம் தேடுவது பிறகு.

இன்னும் வேடிக்கை, கெக்கின் நோய்ப் படங்கள். கோவிட்-19 படத்தில் (எண் 05171) ரைபோசோம் புரதங்கள் ஏராளம். செல் வளர்ச்சி சற்றே மாறினாலும் ரைபோசோம் மரபணுக்கள் அசையும். உடனே பட்டியலின் உச்சியில் கோவிட் வந்து நிற்கும். மைட்டோகாண்ட்ரியா அசைந்தால் பார்க்கின்சன், ஹண்டிங்டன், அல்சைமர் மூன்றும் சேர்ந்தே வரும். என்னைக் கேட்டால், நோய் ஆய்வாக இல்லாதபோது 05 என்று தொடங்கும் படங்களைச் சோதனைக்கு முன்பே விலக்கிவிடலாம். முடிவைப் பார்த்துவிட்டு விலக்கினால் அது வேறு கதை!

அடுத்த பெரிய ஓட்டை, பின்புலப் பட்டியல், அதாவது ஒப்பீட்டுக்கு அடிப்படையாக எடுக்கும் மொத்த மரபணுக்கள். ஒரு கணக்கு போடுவோம். மாற்றம் கண்ட மரபணுக்கள் 200. ஒரு பாத்வேயில் 100 மரபணுக்கள். அவற்றில் 7 உங்கள் 200-க்குள் வருகின்றன. மொத்த மரபணுக்கள் 20,000 என்று எடுத்தால் தற்செயலாக எதிர்பார்க்க வேண்டியது 1. ஆனால் உங்கள் திசுவில் அளக்க முடிந்தவை 12,000 மட்டுமே, அந்தப் பாத்வேயில் 90 என்றால், எதிர்பார்ப்பு 1.5 ஆகிறது. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். 350 பாத்வேக்களைச் சோதிப்பதற்கான போன்ஃபெரோனி திருத்தம் (பி-மதிப்பை 350-ஆல் பெருக்குவது) போட்டால் முதல் கணக்கில் பி-மதிப்பு (தற்செயலாகவே இப்படி அமையும் வாய்ப்பு; சிறியதானால் நல்லது) சுமார் 0.02, இரண்டாவதில் சுமார் 0.26. முதலாவது கட்டுரையில் ஏறும், இரண்டாவது ஏறாது. சரியானது இரண்டாவதுதான். இந்தச் சோதனைக்கான கிளஸ்டர்புரொஃபைலர் மென்பொருளில் "யூனிவர்ஸ்" என்ற இடத்தைக் காலியாக விடாமல், அளந்த மரபணுக்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

அடையாள எண்களும் காலை வாரும். கெக் மனித மரபணுக்களுக்கு என்ட்ரெஸ் (மரபணுத் தரவுத்தளம்) எண்ணையும், ரியாக்டோம் புரதங்களுக்கு யூனிப்ராட் (புரதத் தரவுத்தளம்) எண்ணையும் அடிப்படையாகக் கொண்டவை. மாற்றும்போது எத்தனை மரபணுக்கள் உதிர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்று போனாலே நின்று காரணம் தேடுவது நல்லது. பட்டியலை எக்செல்லில் திறக்கவே வேண்டாம். செப்ட்2 என்ற மரபணுப் பெயரை அது செப்டம்பர் 2 ஆக்கிவிடும். இந்தத் தொல்லையால்தான் 2020-ல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அதைச் செப்டின்2 என்று மாற்றியது. பழைய கோப்புகளில் இன்னும் தேதிகள் கிடக்கின்றன.

பதிப்பு எண்ணையும் இறக்கிய தேதியையும் எழுதி வையுங்கள். ரியாக்டோம் ஆண்டுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது, தரவு எவருக்கும் இலவசம். விக்கிபாத்வேஸ் என்ற தளத்தின் தரவும் இலவசமே. கெக்கின் மொத்தப் பதிவிறக்கம் 2011-ல் சந்தாவுக்கு மாறியது, பயோகண்டக்டர் (உயிரியல் தரவுக்கான நிரல் களஞ்சியம்) தந்த கெக்.டிபி தொகுப்பு அந்த ஆண்டின் தரவோடு உறைந்துபோனது. பழைய நிரல் துண்டில் அந்தப் பெயரைக் கண்டால் அப்படியே நகலெடுக்காதீர்கள்.

எலியில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: ரியாக்டோமின் எலிப் பாத்வேக்களில் பெரும்பாலானவை மனிதப் பாத்வேயிலிருந்து ஒத்த மரபணுக்களை வைத்துக் கணினி ஊகித்தவை. ஒரு வினையை நம்பிச் சோதனை திட்டமிடும் முன், அதன் பக்கத்தில் "ஊகித்தது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் மூல மனித வினைக்குப் போய், அங்கே சுட்டியுள்ள ஆய்வுக் கட்டுரையைப் படியுங்கள்.