407-இன் நீலம்: ஒரு பெயிண்ட் நாட்குறிப்பு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

மார்ச் 3-ந் தேதி எங்கள் டாடா 407 லாரிக்கு எப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கான சோதனை. எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் காட்டியாக வேண்டும். இது 2004 மாடல். ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் பெயிண்ட் அடிக்க சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் விடுவோம். இரண்டே நாளில் பளபளவென்று திரும்பி வரும். போன வருஷம் அடித்தது ஆறு மாசம்கூட நிற்கவில்லை. கதவின் அடியில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி, விரலால் தட்டினால் உதிர்கிறது.

இந்தத் தடவை வீட்டிலேயே நானே அடிக்கப் போகிறேன். கிழங்கு சீசன் நடுவில் மூன்று வாரம் வண்டியை நிறுத்துவது வலிக்கத்தான் செய்கிறது. ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி லோடை மச்சான் தன் வண்டியில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

நிறத்தை மாற்றவில்லை. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், நீலம் என்று இருக்கிறது. வேறு நிறம் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அதற்கு அவசியமும் இல்லை, மனசும் இல்லை. அப்பா ஓட்டிய வண்டி நீலமாகத்தான் இருக்க வேண்டும்.

3 பிப்ரவரி, திங்கள்

முழுக்கப் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பதா, அதன் மேலேயே அடிப்பதா? பிடிமானமாக இருக்கிற பெயிண்டை எடுக்கக் கூடாது என்பது பெயிண்டர் அண்ணன் சொன்ன முதல் பாடம். அதைவிட நல்ல பிரைமர் கிடையாதாம். சரி, பிடிமானம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். கூரையிலும் முன்முகப்பிலும் டேப் சுத்தமாக வந்தது. இரண்டு கதவின் அடியிலும் கட்டம் கட்டமாகப் பெயிண்ட் டேப்போடு வந்துவிட்டது.

அடுத்து, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னரைத் துணியில் நனைத்து ஓரிடத்தில் ஒரு நிமிஷம் வைத்தேன். நீலம் துணியில் இறங்கி, அடியில் பெயிண்ட் கொழகொழவென்று சுருங்கியது. அப்படியென்றால் மேலே இருப்பது சாதா எனாமல். அதன் மேல் என்.சி. அடித்தாலோ பி.யூ. (பாலியூரித்தேன்) அடித்தாலோ அந்தத் தின்னர் பழசைக் கிளப்பிவிடும். எனாமல் மேல் எனாமல்தான் பாதுகாப்பு. பி.யூ. மினுமினுப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் இல்லாமல் அடித்தால் நுரையீரலுக்குக் கேடு. பிள்ளைகள் ஓடி விளையாடும் வாசலில் அந்த வேலையே வேண்டாம்.

5 பிப்ரவரி, புதன்

இன்று முழுக்கக் கழுவல். உப்புத்தாளைத் தொடும் முன் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். டீசல் டேங்கின் பக்கமும், வைப்பர் அடியும், போன ஆயுத பூஜைக்குப் பாலிஷ் போட்ட முன்முகப்பும்தான் மோசம். பாலிஷில் இருக்கும் சிலிகான் கொஞ்சம் மிச்சமிருந்தால் போதும், புதுப் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி நிற்கும். ஷாம்பு, தண்ணீர், அப்புறம் டர்பன்டைன் நனைத்த துணி, கூடவே காய்ந்த துணி. ஈரத்துணியால் துடைத்து ஆற விட்டால் பிசுக்கு திரும்பவும் அங்கேயே படிந்துவிடும். உடனே காய்ந்த துணியால் எடுத்தால்தான் கணக்கு.

ஹெட்லைட், கண்ணாடி, கைப்பிடி, மோனோகிராம் எல்லாம் கழற்றி சாக்கில் கட்டியாகிவிட்டது.

7 பிப்ரவரி, வெள்ளி

கதவு ஏன் துருப்பிடித்தது என்று இன்று தெரிந்தது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய மூன்று ஓட்டைகள் உண்டு. மூன்றும் கிழங்கு வயல் செம்மண்ணால் அடைத்துக் கிடந்தன. கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்திருக்கிறது. இத்தனை வருஷமும் வெளியே பெயிண்ட் அடித்தோம், உள்ளே தண்ணீர் நின்றது. சைக்கிள் கம்பியால் குத்தி எடுத்தேன். ஒரு கைப்பிடி மண் விழுந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

நெற்றிப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு மேலே, ஊர்ப்பேரும் சாமி பேரும் எழுதுகிற இடம். காலை வெயில் சாய்வாக விழுந்தபோது நீலத்துக்கு அடியில் எழுத்து மேடு தெரிந்தது. ‘அங்காளம்மன் துணை’. நான்கைந்து வருஷமாக அந்த இடத்தில் ஸ்டிக்கர்தான். அதற்கு முன் கையால் எழுதியது, மேலே அடித்த பெயிண்டையும் மீறி மயிரிழை உயரத்துக்கு நிற்கிறது.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவருக்கு இப்போது பார்வை மங்கல். உள்ளங்கையில் துண்டைப் போட்டு எழுத்தின் மேல் மெல்லத் தடவினார். பெயிண்டர்கள் இப்படித்தான் மேடு பள்ளம் பார்ப்பார்கள். வெறுங்கையைவிடத் துணியோடு தடவினால் சின்ன மேடும் தட்டுப்படும். ‘ள’ மேல் கை நின்றது. “இது வண்டி வாங்குன வருஷம் எழுதுனது கண்ணு. எழுதுனவரு இப்ப இல்ல. அந்த ‘ள’ வளைவப் பாரு, ஒரே இழுப்பு.”

தேய்த்தால் போய்விடும், தேய்க்காமல் பெயிண்ட் அடித்தால் மேடு அசிங்கமாகத் தெரியும். கடைசியில் பட்டர் பேப்பரை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன், நாணயத்தின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அது மாதிரி. எழுத்து அப்படியே பேப்பரில் வந்துவிட்டது. பேப்பரைச் சுருட்டி பீரோவில் வைத்த பிறகுதான் உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

தெருவில் பாதிப் பேர் பழனிக்கு நடந்து போய்விட்டார்கள். நான் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

எல்லாம் ஈரத் தேய்ப்புதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கே 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தூசி பறக்கக் கூடாது. வாட்டர் பேப்பர், ஒரு வாளி, மூக்குக்கு மாஸ்க். சின்னவளை அந்தப் பக்கமே விடவில்லை.

உப்பிய இடத்தை 80-ஆம் நம்பர் முரட்டுத் தாளில் வெறும் இரும்பு வரை இறக்கி, ஓரத்தை 180, 320 என்று நைசான தாள்களால் சரித்துக்கொண்டே போக வேண்டும். சரிய சரிய அடுக்குகள் தெரிகின்றன: போன வருஷத்து நீலம், அதற்கடியில் மயில் நீலம், மெலிதாக ஒரு சாம்பல், கருநீலம், கம்பெனிப் பிரைமர். விரல் நகத்தால் தொட்டால் எந்த அடுக்கும் தடுக்கக் கூடாது. தடுத்தால் அந்தக் கோடு கடைசிக் கோட்டிங் வரை தெரியும்.

14 பிப்ரவரி, வெள்ளி

தப்பு செய்துவிட்டேன். இடது கதவில் சின்னப் பள்ளம், அவசரத்தில் டப்பாவில் இருந்த என்.சி. பட்டியை, பள்ளம் நிரப்பும் பசையை, தடவினேன். பழைய எனாமல் ஓரத்தின் மேலும் ஏறிவிட்டது. அரை மணியில் அந்த ஓரம் முழுக்கத் தயிர் ஆடை மாதிரி சுருங்கியது. தின்னர் கிளப்பும் என்று 3-ந் தேதி இதே நோட்டில் எழுதியவன் நான்தான். பட்டியிலும் அதே தின்னர்தான் இருக்கிறது என்பது உறைக்கவில்லை.

காய விட்டு, அந்த இடத்தை ஒரு சாண் அகலத்துக்கு இரும்பு வரை சுரண்டி, ஹார்ட்னர் கலக்கும் பாலியஸ்டர் பட்டியை இரும்பின் மேல் மட்டும் வைத்தேன். ஒரு நாள் வேலை வீண். மற்ற இரும்பெல்லாம் தேய்த்த அன்றே ரெட் ஆக்சைடு என்ற துருத் தடுப்புப் பிரைமரை வாங்கிக்கொண்டது. வெறும் இரும்பை ராத்திரி பனியில் விட்டால் காலையில் செவ்வரி ஓடிவிடும்.

17 பிப்ரவரி, திங்கள்

கேபின் முழுக்க சாம்பல் பிரைமர். அதைக் காய வைத்து 400-இல் தேய்த்து முடித்தேன். சொல்ல வேறொன்றும் இல்லை. தோள் வலிக்கிறது.

20 பிப்ரவரி, வியாழன்

முதல் கோட்டிங். வண்டியை வேப்பமரத்தடியிலிருந்து தகரக் கொட்டகைக்கு மாற்றியாகிவிட்டது. மாசியில் வேம்பு இலை உதிர்க்கும், ஒன்று ஈரப் பெயிண்டில் விழுந்தாலும் தீர்ந்தது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். கம்ப்ரசரும் பெயிண்ட் பீய்ச்சும் கன்னும் பெயிண்டர் அண்ணனிடம் வாடகைக்கு. ஒரு லிட்டருக்குக் கால் லிட்டர் எனாமல் தின்னர், வலைத்துணியில் வடிகட்டி.

“கைய நிறுத்தாதீங்க தம்பி. ஓரம் தாண்டிப் போயி கன்ன விடுங்க. பாதிக்குப் பாதி ஏறணும்” என்று அவர் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். முதல் கோட்டிங்கில் அடி தெரிந்தாலும் விட்டுவிட வேண்டும். மூடிவிடலாம் என்று ஒரே இடத்தில் நின்றால் வழிந்துவிடும். கேபினின் வலது தூணில் ஒரு வழிசல். அதைத் தொடக் கூடாது, காய்ந்த பிறகு தேய்க்கலாம் என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூரைக்கு மட்டும் அடித்தேன். அது வேண்டாத வேலை.

21 பிப்ரவரி, வெள்ளி

காலையில் பார்த்தால் முகப்பெல்லாம் கண்ணாடியாக மின்னுகிறது, கூரை மட்டும் வெளுத்து, மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கிக் கிடக்கிறது. கொட்டகை பக்கவாட்டில் திறப்பு. காயாத எனாமல் மேல் பனி இறங்கிவிட்டது. இனி காலை ஒன்பது மணிக்கு மேல், மதியத்துக்குள் மட்டும்தான் கன்னை எடுப்பது.

இன்றே மேலே அடிக்க ஆசை. பாதி காய்ந்த எனாமல் மேல் அடித்தால் சுருங்கும் என்று இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டார் அண்ணன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

கூரையையும் தூண் வழிசலையும் 600-இல் ஈரமாகத் தேய்த்து, மொத்தக் கேபினையும் லேசாக மங்கலாக்கி, இரண்டாவது கோட்டிங். பத்து மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடிந்தது. நாலு லிட்டரில் ஒரு லிட்டர் மிச்சம். மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன்.

ஓரங்களில் பெயிண்ட் படாமல் இருக்க ஒட்டிய டேப்பைப் பெயிண்ட் முழுக்க இறுகும் முன்பே, பின்பக்கமாக மடித்து இழுத்தேன். ரப்பர் ஓரம் கத்தியால் வெட்டியது போல வந்தது. இதைப் பார்க்க வீட்டுக்காரி வெளியே வந்தாள். “ஏனுங்க, ஷோரூம் வண்டி மாதிரியே இருக்குதுங்க” என்றாள். கீழ்க்கதவில் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு இருக்கிறது, எனக்குத் தெரியும். கன்னைத் தூரமாகப் பிடித்திருக்கிறேன். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

27 பிப்ரவரி, வியாழன்

எழுதுகிறவரைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. இப்போது எல்லோரும் ஸ்டிக்கர்தான். இடைப்பாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், அணில் முடி பிரஷ் இரண்டு, மஞ்சள் எனாமல், ஒரு கோல். பட்டர் பேப்பரை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் பேப்பரின் பின்பக்கம் சாக்பீஸ் பொடி தடவி, நெற்றிப் பலகையில் ஒட்டி, கோட்டின் மேல் பென்சிலை ஓட்டினார். எடுத்ததும் நீலத்தின் மேல் வெள்ளைக் கோடாக எழுத்து நின்றது.

‘ள’ வளைவை அவரும் ஒரே இழுப்பில் போட்டார். காய்ந்ததும் தொடுகிறேன் என்று அப்பா கயிற்றுக் கட்டிலைக் கொட்டகைக்கே போடச் சொல்லிவிட்டார்.

2 மார்ச், ஞாயிறு

விளக்குகளை மாட்டியாயிற்று. ஒளிரும் டேப் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. கதவின் மூன்று ஓட்டைகளிலும் கம்பியை விட்டு மறுபடி பார்த்தேன், அடைப்பில்லை. எனாமல் உள்ளே இறுக இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும்; அதுவரை ஷாம்பு, பாலிஷ் கிடையாது, வெறும் தண்ணீர்தான்.

நாளை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்பாவும் வருகிறாராம்.