பிக்கப் கதவில் விழும் டொக்குகள்

அக்டோபர் 6, 2024

இடது கதவில் மறுபடியும் ஒரு டொக்கு, அதாவது நசுங்கல். 2013 மாடல் பொலேரோ பிக்கப், அப்பா தக்காளி விற்ற காசில் வாங்கியது. "பழைய வண்டிதானே தம்பி, விடு" என்கிறார் மண்டிக்கார அண்ணன். எனக்கு மனசு கேட்கவில்லை. பெயின்ட் வெடித்த இடத்தில் தகரம் தெரிகிறது. ஐப்பசி மழை பிடித்தால் துரு ஏறிவிடும்.

அக்டோபர் 8

இன்று டொக்குகளை உட்கார்ந்து பார்த்தேன். எல்லாமே படுக்கைவாட்டில் நீளக் கோடாக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. பைக் ஹேண்டில் இடித்தால் குழிதான் விழும், இப்படிக் கோடு விழாது. மார்க்கெட்டில் பக்கத்தில் நிற்கும் மினி லாரியின் சைடு டோரைக் கொக்கி கழற்றித் தொப்பென்று விடுகிறார்கள். அதன் மேல் விளிம்புதான் வந்து அடிக்கிறது. லோடு இறக்கும் அவசரத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

அக்டோபர் 9

இன்சூரன்ஸ் கேட்டேன். சரக்கு வண்டிக்கு பம்பர், மட்கார்டு, பக்கவாட்டுப் பாகங்கள், பெயின்ட் இதெல்லாம் வேண்டுமென்றால் ஐஎம்டி 23 என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். என் பாலிசியில் இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். தொடர்ந்து 5 வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். ஒரு கதவுக்காக அதை இழக்க முடியாது.

அக்டோபர் 13

டிங்கரிங் பட்டறை. பசை ஒட்டி வெளியே இழுக்கும் முறையைக் கேட்டேன். "ஏற்கெனவே பெயின்ட் வெடிச்சிருக்கு, இழுத்தா மிச்சமும் உரிஞ்சு வரும்ணே" என்றார் மாஸ்டர். கதவின் உள்பேடைக் கழற்றி, பின்னால் இரும்புக் கட்டையைக் கொடுத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பொறுமையைப் பார்க்கவே நன்றாக இருந்தது. குழியைத் தட்டி எடுக்காமல் பட்டியை, அதாவது பள்ளம் நிரப்பும் பசையை, அப்பி மறைக்கும் ஆட்களும் உண்டு. தடிமனான பட்டி குலுங்கலில் வெடிக்கும், உள்ளே தண்ணீர் இறங்கும், தகரம் உப்பும். வண்டி வாங்க வருகிறவர் காந்தம் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவர் துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, அப்புறம்தான் மெல்லிசாகப் பட்டி இழுத்தார்.

அக்டோபர் 20

மார்க்கெட்டில் இப்போது இடது பக்கம் தூணை ஒட்டியே நிறுத்துகிறேன். இடம் கிடைக்காத நாளில் பக்கத்து வண்டி டிரைவரிடம், "அண்ணே, டோரை இறக்கும்போது ஒரு குரல் கொடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். இன்று ஒருவர் கையால் தாங்கி இறக்கினார்.

8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். நவம்பரில் நம் முறை. அதற்குள் பின் மட்கார்டு துருவையும் எடுத்துவிட வேண்டும்.