அந்தப் பையனின் தொடை

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரங்களான ஒரு முதிய விவசாயி, எங்கள் இயன்முறைச் சிகிச்சை அறையின் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, காலை உயர்த்தி இறக்கிக்கொண்டே, மழையைப் பற்றியும் பால் விலையைப் பற்றியும் சற்று நேரம் பேசினார். பிறகு, பால் விலையைத் தொடர்ந்து பேசுகிறவரின் அதே குரலில், “அந்தப் பையனின் தொடை இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. அன்று வியாழக்கிழமை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பங்கின் ஹர்லிங் அணியும், மாலை வேளைகளில் நான் பிசியோவாக, அதாவது இயன்முறைச் சிகிச்சையாளராக, போய்வந்த பக்கத்துப் பங்கின் அணியும் அரையிறுதியில் மோதவிருந்தன. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு தொடையின் பின்தசை கிழிந்திருந்தது. “உங்கள் இடுப்பு நன்றாகத் தேறி வருகிறது, இன்னும் பத்து முறை உயர்த்துங்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே எண்ணத் தொடங்கினார்.

நான் வேலை பார்த்த ஊர் அயர்லாந்தில், டிப்பரரி கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) தென்பகுதியில், கில்கெனி, வாட்டர்ஃபோர்டு கவுண்டிகளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பங்கு என்ற சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் அதே பொருளில்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கோயில், அதைச் சுற்றிய சில சிற்றூர்கள், அவற்றுக்கு ஓர் அணி. ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டையால் தோலுறையிட்ட சிறு பந்தை அடித்தும் ஏந்தியும் ஓடும் ஆட்டம்தான் ஹர்லிங். ஒரு பக்கத்துக்கு 15 பேர். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே பந்தைச் செலுத்தினால் கோல், அதற்கு மூன்று புள்ளிகள்; மேலே அடித்தால் ஒரு புள்ளி. இந்த விளையாட்டை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் 1884இல் இதே கவுண்டியின் துர்லஸ் நகரில், ஒரு விடுதி அறையில் தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை ஆட்டக்காரர் எவருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க்கில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில், கவுண்டி அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியின் இறுதியில் ஆடியவர், ஓரிரு நாள் கழித்து வகுப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சம்பளமின்மையைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ஆட்டக்காரரின் மனத்தின்மீது ஏற்றும் சுமையைப் பற்றி யாரும் அதிகம் பேசக் கேட்டதில்லை. தொழில்முறைக் கால்பந்து அணி ஒரு பெரிய ஆட்டத்துக்கு முன்பு விடுதியில் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஹர்லிங் ஆடும் மின்பணியாளரோ வெள்ளிக்கிழமை மாலை வரை எதிரணியின் பங்கில் யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகைக்கு மின்கம்பி இழுத்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டுக்காரர் தேநீர் கொடுப்பார். தேநீரோடு ஒரு கேள்வியும் வரும். போன ஆண்டு தவறவிட்ட ஃப்ரீ அடி (எதிரணியின் தவறுக்காக நடுவர் தரும் அடி), எதிரணியின் புதிய தடுப்பாட்டக்காரனின் உயரம், வானிலை என எல்லாமே நட்பாகத்தான் பேசப்படும். அந்த நட்புப் பேச்சு ஐந்து நாட்களுக்குச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை மட்டை கனக்கும். ஆகவே, நான் பார்த்த வரையில், ஹர்லிங்கில் மனத்தைத் தயார்செய்வது என்பது பெரும்பாலும் பேச்சைக் காவல் காப்பதுதான்.

அந்தக் காவலில் பிசியோவுக்கு ஓர் இடம் உண்டு என்பது வேலையில் சேர்ந்தபோது எனக்குத் தெரியாது. எதிரணி அறிய விரும்பும் மிக மதிப்புள்ள செய்தி, யார் ஆடுவார், யார் ஆட மாட்டார் என்பது. முன்கூட்டியே அறிவிக்கும் அணிப்பட்டியலில் ஒருவரை எழுதிவிட்டு, ஆட்டம் தொடங்கும்போது வேறொருவரை இறக்குவது இங்கே ஊரறிந்த வழக்கம். அந்தப் பட்டியலை எவரும் நம்புவதில்லை என்பதால், எல்லோரும் பிசியோவின் முகத்தைப் படிக்கிறார்கள். முதல் பருவத்தில் நான் செய்த தவறு சிறியது. உடல்நலத்தோடு இருந்தவர்களைப் பற்றிக் கேட்டால் “நன்றாக இருக்கிறார்” என்பேன். காயம்பட்டவரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவேன். எங்கள் மேலாளர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, “நீங்கள் வாய் திறக்காதபோதுதான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறீர்கள்” என்றார். அன்றிலிருந்து எவரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: கேட்டவரின் சொந்த முழங்காலைப் பற்றியோ இடுப்பைப் பற்றியோ பேசுவேன். நோயாளியின் செய்தியை வெளியிடக் கூடாது என்ற தொழில் நெறியைப் படிப்பிலேயே கற்றிருந்தேன். அதன் பின்னால் இவ்வளவு பெரிய விளையாட்டு இருக்க முடியும் என்பதை டிப்பரரியில்தான் கற்றேன்.

இந்த மறைப்புக்கு நேரெதிரான காட்சி ஒன்றும் இங்குள்ளவர் நினைவில் நிற்கிறது. 2010இல் கில்கெனி கவுண்டி அணி தொடர்ந்து ஐந்தாவது முறையாக அகில அயர்லாந்துக் கோப்பையை வெல்ல முயன்றது. இறுதியில் எதிரி டிப்பரரி, முந்தைய ஆண்டு இறுதியில் அதனிடம் தோற்ற அணி. கில்கெனியின் ஹென்றி ஷெஃப்லினுக்கு அரையிறுதியில் முழங்கால் இணைப்பிழை கிழிந்திருந்தது. அவர் ஆடுவாரா என்பதைக் கண்ணால் காண, கில்கெனியின் மைதானமான நோலன் பார்க்கில் நடந்த பயிற்சிக்கே ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அவர் ஓடினார், இறுதியிலும் இறங்கினார், முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டியதாயிற்று. லார் கார்பெட் மூன்று கோல்கள் அடிக்க, டிப்பரரி எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பிசியோவாக அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முழங்கால்தான் கண்முன் வரும். என் சக ஊழியர்களுக்கோ, அந்தப் பயிற்சியைக் காண வந்த கூட்டத்தின் நம்பிக்கை ஷெஃப்லின் மேல் என்ன கனம் கனத்திருக்கும் என்ற கேள்விதான் வரும்.

எதிரணியின் வாயிலிருந்து விழும் சொல் இன்னொரு வகைச் சரக்கு. 1990இல், முந்தைய ஆண்டு சாம்பியனான டிப்பரரியின் மேலாளர் பேப்ஸ் கீட்டிங், கார்க் அணியுடனான மன்ஸ்டர் மாகாண இறுதிக்கு முன்பு, கழுதைகள் குதிரைப் பந்தயத்தில் வெல்வதில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொன்னார். கார்க் அந்த ஆட்டத்தை வென்றதோடு அந்த ஆண்டின் அகில அயர்லாந்துக் கோப்பையையும் கொண்டுபோனது. எட்டாண்டுகள் கழித்து ஆஃபலி அணிக்குப் பொறுப்பேற்றிருந்த அதே கீட்டிங், கில்கெனியிடம் தோற்ற தம் ஆட்டக்காரர்களையே ஆட்டு மந்தையோடு ஒப்பிட்டார்; பதவியையும் விட்டார்; அந்த மந்தை, வேறு மேலாளரின் கீழ், அதே கில்கெனியை இறுதியில் வீழ்த்திக் கோப்பையை வென்றது. ஒரே மனிதர் இருமுறை இப்படி மாட்டிக்கொண்டதை டிப்பரரிக்காரர்கள் இன்றும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். இன்று மேலாளர்கள் எதிரணியைப் புகழ்ந்து தள்ளுவதற்கு இந்தக் கதைகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கரோலைன் கரிட் போன்ற உளப் பயிற்சியாளர்கள் 2010இல் டிப்பரரியோடும் 2018இல் லிமரிக்கோடும் பணியாற்றி, இரு அணிகளும் அந்தந்த ஆண்டு கோப்பையை வென்ற பிறகு, செய்தித்தாளைக் கத்தரித்து உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டுவதை மட்டும் மனத் தயாரிப்பு என்று யாரும் நினைப்பதில்லை.

எங்கள் சிறிய அணிக்கு உளப் பயிற்சியாளர் எவரும் இல்லை. மேலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, “பத்து நிமிடம் மீதம், நீங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறீர்கள்” என்று சொல்லி ஆட வைப்பார். அடுத்த முறை முன்னிலையில் இருப்பவர்களாக ஆட வைப்பார். முன்னிலையில் இருப்பதுதான் கடினம் என்பது அவர் கட்சி. அது ஆசிரியர்களுக்கே உரிய முரண்பேச்சு என்று எண்ணியிருந்தேன். 2025 அகில அயர்லாந்து இறுதியைப் பார்த்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு கார்க் ஏற்கெனவே டிப்பரரியை லீக் இறுதியில் 10 புள்ளிகளிலும், மன்ஸ்டர் போட்டியில் 15 புள்ளிகளிலும் வென்றிருந்தது. இறுதியின் இடைவேளையிலும் 6 புள்ளி முன்னிலை. இரண்டாம் பாதி முழுவதிலும் கார்க் எடுத்தது இரண்டே புள்ளிகள். டிப்பரரி 15 புள்ளிகளில் வென்றது. அந்தப் பருவத்தில் நடுவரால் இருமுறை மைதானத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட, பதின்வயது தாண்டாத டிப்பரரியின் டாரா மெக்கார்த்திதான் அன்று ஒரு கோலும் 13 புள்ளிகளும் அடித்தவர். இடைவேளையில் அந்த இரண்டு அறைகளிலும் என்ன பேசப்பட்டது என்பதைவிட, என்னென்ன பேசாமல் விடப்பட்டன என்பதை அறியத்தான் எனக்கு ஆசை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஈரப் புல்லும் வலிநிவாரணத் தைலமும் மணக்கும் அந்தச் சிறிய அறையில் கணுக்கால்களுக்கும் கட்டைவிரல்களுக்கும் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். பையன் தன் மட்டையின் பிடியை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தான். தொடையை அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை என்றான். கட்டிலில் படுத்துக் காலை என் கைக்கு எதிராக அழுத்தச் சொன்னேன். முழு பலத்தோடு அழுத்தினான். வெள்ளிக்கிழமை இரவு வேக ஓட்டத்திலும் குறை ஏதும் தெரியவில்லை. ஆடலாம் என்றேன். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில், உயரே வந்த பந்துக்குத் திரும்பி ஓடியவன், யாரோ பின்னாலிருந்து அடித்ததுபோல் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைதானத்துக்குள் ஓடும்போதே தெரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு புள்ளிகளில் தோற்றோம்.

அவனை வண்டியில் ஏற்றும்போதுதான் சொன்னான்: செவ்வாய் முதலே இழுத்துக்கொண்டிருந்தது; யாரிடமும் சொல்லக் கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தாரே என்றான். எதிரணியிடமிருந்து மறைப்பதற்காக நாங்கள் எழுப்பிய சுவருக்கு வெளியே அவன் என்னையும் நிறுத்தியிருந்தான். என் சோதனைகளின்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவனிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. எவரிடமும் ஒன்றும் சொல்லாதே என்று அந்த அறையில் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வியாழக்கிழமை விவசாயி வந்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் படுத்து, நான் கேட்பதற்கு முன்பே காலை உயர்த்தத் தொடங்கினார். எட்டாவது முறை உயர்த்தும்போது, “போன வாரப் புதன்கிழமை என் வயலில் புல் அறுக்க வந்தது அவன்தான்” என்றார். “சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிராக்டரிலிருந்து இறங்கும்போது அந்தக் காலை ஊன்றவே இல்லை. அதனால்தான் உங்களைக் கேட்டேன்.” அதை அவர்களுடைய ஆட்களிடம் சொன்னாரா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒன்பது, பத்து என்று எண்ணி முடித்து, மறுபக்கம் திரும்புவதற்கு என் கையைக் கேட்டார்.