சரி, உட்காரு

நான்காம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அந்தப் பையனை ஐந்து மாதம் நான் கேள்வி கேட்க எழுப்பவே இல்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான். ஜூனில் ஒரு நாள் "வாட் டிட் யூ ஈட்?" என்று கேட்டதற்கு "ஐ ஆம் இட்லி" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு மாதத்துக்கு அவன் பெயரே இட்லிதான்.

அவனாகக் கை தூக்கும்வரை கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். புது மொழிக்குள் வரும் குழந்தை கொஞ்ச காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், நெருக்கக் கூடாது என்று மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் சொன்னதைப் பயிற்சியில் கேட்டிருந்தேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவன் உதடு அசைந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில், சத்துணவு நேரத்தில் அவன் அம்மா வந்தார்.

"எம் புள்ளைய மட்டும் ஏன் டீச்சர் எதுவுமே கேக்க மாட்டேங்கிறீங்க? வீட்டுல ஆட்டுக்குட்டிய நிக்க வெச்சு வாட் இஸ் யுவர் நேம்னு கேக்குறான். பதிலும் அவனே சொல்லிக்கிறான்."

"கொஞ்சம் கூச்சப்படுறான்மா, அதான்."

"கூச்சமா? அவனா?"

கிராஷன் சொன்ன மௌனம் வகுப்புக்கு வெளியே தெருவிலும் கடையிலும் அந்த மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கிற குழந்தைக்குப் பொருந்தலாம். எங்கள் ஊரில் 40 நிமிடப் பாடவேளை முடிந்தால் ஆங்கிலம் பிஸ்கட் பாக்கெட்டில் மட்டும்தான். இவன் எதைக் கேட்டு நிரம்புவான்? இது எனக்குத் தெரியாததும் இல்லை. தெரிந்தும் கிராஷனைப் பிடித்துக்கொண்டேன், அது எனக்கும் வசதியாக இருந்தது. முழுக்க வசதிக்காக என்றும் சொல்ல மாட்டேன். ஜூனில் அவன் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான்.

மறுநாள் அவனை எழுப்பினேன். "வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?" வேறு எத்தனையோ கேள்வி இருக்க, வாயில் அதுதான் வந்தது.

நின்றான். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகள் நீளமாகப் பேசுகிறார்கள் என்று 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். நான் மனதுக்குள் ஏழுவரை எண்ணினேன். பின்வரிசையிலிருந்து யாரோ "இட்லி" என்றார்கள். சிரிப்பு.

"சரி, உட்காரு" என்றேன்.

அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன். சத்தம் போட வேண்டியது பின்வரிசையைத்தான், அவனை ஏன் உட்கார வைத்தேன்? உட்காரும்போது அவன் வாய் திறந்திருந்தது. எட்டு, ஒன்பது என்று எண்ணியிருந்தால் பேசியிருப்பானோ என்னவோ. வாய் திறந்திருந்தது என்பதே பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதோ என்றும் தோன்றும்.

அதற்கப்புறம் இரண்டு இரண்டு பேராகப் பேச விட்டேன். பக்கத்துப் பையனிடம் அவன் பேசினான், நல்ல சத்தமாகவே. நான் கிட்டே போனால் நின்றுவிடும். அதனால் போக மாட்டேன். கரும்பலகையை அழித்துக்கொண்டே காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பேன்.