சேரனின் வாய்க்கு ஒரு பிட்: லாயத்து நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

இடப்பக்க வட்டத்தில் சேரன் இன்றும் தலையை உதறினான். வலப்பக்கம் திரும்பும்போது ஓரளவு அமைதியாக வருகிறவன், இடது லகானில் என் விரல் இறுகியதும் வாயைத் திறந்து, நாக்கைப் பின்னுக்கு இழுத்து, அதை பிட்டுக்கு, அதாவது வாய்க்குள் குறுக்கே கிடக்கும் கடிவாளக் கம்பிக்கு, மேலே போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். டிரெஸ்ஸாஜ் (குதிரையின் நடையையும் இசைவையும் மதிப்பிடும் சவாரிப் போட்டி) நடுவர் இதைப் பார்த்தால் மதிப்பெண்ணைக் குறைப்பார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வாய்க்குள் ஏதோ உறுத்துகிறது என்பதை ஒரு குதிரை இதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்?

சேரன் ஏழு வயதுத் தரோபிரெட் என்ற பந்தய இனம், காயடிக்கப்பட்ட ஆண் குதிரை. தென்னிந்தியச் சவாரிப் பள்ளிகளில் இருக்கும் பல குதிரைகளைப் போல இவனும் பந்தயத்திலிருந்து வந்தவன். பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிக்கிறார். குதிரை அந்தப் பிடியின் மீது சாய்ந்தே ஓடப் பழகுகிறது. அங்கே அது குறையல்ல. டிரெஸ்ஸாஜிலோ, குதிரை தன் எடையைத் தானே பின்னங்கால்களில் தாங்கிக்கொண்டு, லகானை மெல்லிய தொடர்பாக மட்டும் வைத்திருக்க வேண்டும். அந்த மாற்றத்தைக் கற்றுக்கொள்ளும் குதிரைக்கு வாயில் வலி இருந்தால் பாடம் நகராது.

அவன் வரும்போது உடன் வந்த பிட்டையே இதுவரை போட்டு வருகிறோம்: நடுவில் மடங்கும் ஒரே கணு, இருபுறமும் தளர்ந்து சுழலும் வளையங்கள், ஐந்தரை அங்குல அகலம், வளையத்துக்கு அருகே 18 மி.மீ. தடிமன். “தடித்த பிட் மென்மையானது, இதில் அவனுக்கு என்ன சிரமம்?” என்று லாயத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஜூன் 11, புதன்

பிட்டை மாற்றுவதற்கு முன் பல்லைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயை விரித்துப் பிடிக்கும் கருவியை மாட்டி, தலைவிளக்கோடு உள்ளே பார்த்தார். மேல்தாடையின் இடப்புறத்தில், கடைவாய்ப்பற்களுக்குச் சற்று முன்னால், கடலைப் பருப்பளவில், ஓநாய்ப்பல் எனப்படும் பயனற்ற சிறு பல் ஒன்று இருந்தது. பிட் நகரும் பாதையிலேயே அது முளைத்திருந்தது. கடைவாய்ப்பற்களின் வெளி விளிம்புகளும் கூராகி, கன்னத்தின் உட்புறத்தில் புண்ணை உண்டாக்கியிருந்தன. ஓநாய்ப்பல்லைப் பிடுங்கி, விளிம்புகளை அரத்தால் தேய்த்துச் சமன் செய்தார். ஈறு ஆறும்வரை பிட் கூடாது. மூக்குப்பட்டையில் கட்டிய நீளக்கயிற்றில் வட்டமாக ஓட்டலாம் என்றார்.

வாய்க்கு வெளியே இவனுக்கு ஒரு நாளும் ரத்தம் தெரிந்ததில்லை. பின்லாந்தில் பந்தயம் முடிந்த கையோடு 261 டிராட்டர் குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 84 சதவீதக் குதிரைகளுக்கு பிட் படும் பகுதியில் புதுக் காயங்கள் இருந்தன. வண்டி இழுத்து ஓடும் குதிரைகளின் கணக்கை டிரெஸ்ஸாஜ் குதிரைக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் உதட்டை மட்டும் பார்த்துவிட்டு வாய் நன்றாக இருக்கிறது என்று யாரும் இனி என்னிடம் சொல்ல வேண்டாம்.

மயக்கம் தெளிவதற்குள் மருத்துவர் இன்னொன்றையும் காட்டினார். சேரனின் நாக்கு தடித்தது. வாயை மூடினால் இருபக்கமும் பிதுங்கி நிற்கிறது. மேலண்ணமும் தாழ்வானது. முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறு இருக்கிறதே, பிட் அமர வேண்டிய இடம், அங்கே எலும்பின் மீது மெல்லிய சவ்வு மட்டுமே போர்த்தியிருக்கிறது. நாக்கை அழுத்தாமல் வைத்தால் பிட் அந்த எலும்பை அழுத்தும். எலும்பை விட்டு விலக்கினால் நாக்கை அழுத்தும். இரண்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சவாரி இல்லாததால் படிக்க நேரம் கிடைத்தது. ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் குதிரை வாயின் உள்ளளவை அளந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு என் ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. வாயின் மூடிய நிலையில் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே பிட்டுக்கென்று ஒதுக்கிவைத்த காலியிடம் எதுவும் கிடையாது. தடித்த கம்பியை நுழைத்தால் அது நாக்கை நசுக்கித்தான் தனக்கு இடம் செய்துகொள்ளும். தடிமன் கூடினால் அழுத்தம் பரவலாகும் என்பது கையில் பிடித்துப் பார்க்கும்போது உண்மை. இடமே இல்லாத வாய்க்குள் அந்தக் கணக்கு செல்லாது.

ஒற்றைக் கணு பிட் இழுபடும்போது கொட்டைப்பாக்குவெட்டியைப் போல மடங்கி மேலண்ணத்தைக் குத்தும் என்று சவாரிப் பள்ளிகளில் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். குதிரையின் அசைவை ஆராயும் கால்நடை மருத்துவர் ஹிலரி கிளேட்டனும் உடன் ஆய்வாளர்களும் எக்ஸ்ரே வழியாகக் குதிரையின் வாய்க்குள் பிட் இருக்கும் நிலையைப் பார்த்தபோது, லகான் இறுகியதும் கணு மேலண்ணத்தை விட்டு விலகி நாக்குக்குள் அழுந்துவதைக் கண்டார்கள். ஆக, சேரன் நாக்கைப் பின்னிழுப்பது அடம் இல்லை. அழுத்தம் அங்கேதான் விழுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று வாயின் அகலத்தை அளந்தேன். இரு முனையிலும் முடிச்சிட்ட கயிற்றால் அளந்தால் அது தொய்ந்து கூடுதலாகக் காட்டும். மெல்லிய மரக்குச்சியை பிட் இருக்கும் இடத்தில் நேராக வைத்து, இரு உதடுகளின் வெளிவிளிம்பிலும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டேன். சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு, “மரத்த மென்னு துப்பிடப் போறான், சீக்கிரம் கோடு போடுங்க” என்று அவசரப்படுத்தினார். 127 மி.மீ. வந்தது, அதாவது சரியாக ஐந்து அங்குலம்.

இத்தனை நாள் இவன் வாயில் கிடந்ததோ ஐந்தரை அங்குலம், கிட்டத்தட்ட 140 மி.மீ. அகலம் கூடிய ஒற்றைக் கணு பிட் நடுவில் கீழே தொங்கும். ஒரு லகானை இழுத்தால் முழுவதுமாக அந்தப் பக்கம் சறுக்கி, கணு நாக்கின் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் போய் அழுத்தும். சுழலும் வளையம் என்றால் உதடு சிக்காமலிருக்க இரு பக்கமும் மூன்று முதல் ஐந்து மி.மீ. வரை இடைவெளி வேண்டும். அசையாத வளையம் என்றால் உதட்டை ஒட்டியே இருக்கலாம். சேரனுக்கு ஐந்தேகால் அங்குலம், 14 மி.மீ. தடிமன் என்று முடிவு செய்தேன். சர்வதேச விதிகளில், ஒரே வாயில் இரண்டு பிட் போடும் டபுள் பிரைடில் என்ற கடிவாளத்தில், நெம்புகோல் போல இழுக்கும் கர்ப் பிட்டுக்கு 12 மி.மீ., அதனுடன் போடும் மெல்லிய பிரிடூனுக்கு 10 மி.மீ. என்றுதான் குறைந்தபட்சத் தடிமன் இருக்கிறது. 14 மி.மீ. என்றதும் கத்தியை வாயில் வைப்பதாகப் பதறியவர்களுக்கு அதைச் சொன்னேன். இன்னும் மெலிந்தால் அழுத்தம் ஒரு கோட்டில் குவியும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஈறு ஆறிவிட்டது என்று மருத்துவர் ஒப்புதல் தந்ததால், நண்பர்களிடம் இரவல் வாங்கிய பிட்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கத் தொடங்கினோம். கணுவே இல்லாத வளைந்த ரப்பர் பிட்டில் வாய் அமைதியானது, ஆனால் ஐந்து நிமிடத்தில் பந்தயப் பழக்கம் திரும்பி, முழு எடையோடு என் கையில் சாய்ந்தான், வாயும் வறண்டுபோனது. அசையாத வளையம் கொண்ட எக்பட்டிலும் இதே கதை, சற்றுக் குறைவாக. பிட் எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ அவ்வளவு வசதியாக அதன்மேல் சாயலாம் என்பது இவன் கணக்கு. வாய் கூசும் கூச்சக் குதிரைக்கு எக்பட் அருமையானது. கையில் தொங்கும் குதிரைக்கு அல்ல.

இரண்டு கணுவும் நடுவே உருண்டையான சிறு துண்டும் கொண்ட, சுழலும் வளைய பிட்டை மாட்டியபோது முதல் சுற்றிலேயே வேறுபாடு தெரிந்தது. அது நாக்கின் வளைவோடு இசைந்து படிகிறது. ஒரே புள்ளியில் குத்துவதில்லை. சாய நினைக்கும்போது வளையம் சுழன்று பிடி கொடுக்காமல் நழுவுகிறது. நடுத்துண்டு தட்டையாகச் சாய்ந்திருக்கும் டாக்டர் பிரிஸ்டல் தூரத்தில் பார்த்தால் இதன் தம்பி போலத் தோன்றும்; அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும் என்பதாலேயே டிரெஸ்ஸாஜில் அதற்கு அனுமதி இல்லை. வாங்குகிறவர்கள் நடுத்துண்டை விரலால் உருட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

மூக்குப்பட்டையை இரண்டு துளை தளர்த்தினேன். பட்டையை இறுக்கி வாயை மூடி வைத்துவிட்டு, குதிரை பிட்டை ஏற்றுக்கொண்டது என்று சொல்வதில் பொருளில்லை. 2025 முதல் சர்வதேசப் போட்டிகளில் மூக்கெலும்பின் மேல் அளவுக்கருவியை வைத்து, 1.5 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிக் குதிரைகளைப் பரிசோதித்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, தளர்ந்த பட்டை போட்ட குதிரைகளுக்கே கடைவாய்க் காயம் அதிகம் என்று கண்டதை எடுத்துக்காட்டி இறுக்குவதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வாய் திறக்க முடிந்தால் பிட் நகர்ந்து உதட்டில் உராயலாம், சரி. அப்படி உராயும்படி பிட்டையும் கையையும் வைத்திருப்பதை அல்லவா முதலில் சரிசெய்ய வேண்டும்?

ஜூலை 20, ஞாயிறு

சேரனுக்கென்று புது பிட் வந்து சேர்ந்தது, கான்பூரில் செய்த எஃகு. சேணம், கடிவாளம் எல்லாவற்றுக்கும் நாட்டின் பெரிய உற்பத்தி மையம் அந்த ஊர்தான். நல்ல சரக்கும் வருகிறது, அவசரச் சரக்கும் வருகிறது. பஞ்சை எடுத்துக் கம்பி முழுவதும், குறிப்பாகக் கணுவிலும் வளையத் துளையிலும், தேய்த்துப் பார்த்தேன். ஒரு துளையின் ஓரத்தில் பஞ்சிழை மாட்டியது. அந்தப் பிசிறு கடைவாயில் உரசினால் இத்தனை அளவெடுத்ததும் வீண். திருப்பி அனுப்பி வேறொன்று கேட்டிருக்கிறேன். இரவல் வாங்கியதில் செம்புக் கலப்புள்ள பிட் ஒன்றும் இருந்தது. அதில் கொஞ்சம் கூடுதலாக மென்று, உதட்டில் நுரை கட்டினான். எஃகிலும் வாய் ஈரமாகவே இருப்பதால் இருமடங்கு விலை கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

உயரத்தில்தான் நெடுநேரம் போனது. கடைவாயில் இரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. சேரனின் உதடு சதைப்பற்று மிக்கது, தொட்டாலே சுருங்கும். அதனால் உள்ளே பார்த்து வைத்தோம்: கீழ்க் கோரைப்பல்லில் தட்டாமல், கடைவாய்ப்பல்லையும் தொடாமல். பிட்டைத் தாங்கும் கன்னவாரில் ஒரு துளை ஏற்றினால் உதடு இழுபடுகிறது, ஒரு துளை இறக்கினால் நாக்கை மேலே போடப் பார்க்கிறான். நடுவே அரைத்துளை வேண்டியிருந்ததால் சைஸ் அண்ணன் புதிதாகத் துளையிட்டுத் தந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாற்றி அனுப்பிய பிட்டில் பிசிறு இல்லை. இன்று 20 மீட்டர் வட்டத்தில் இரண்டு பக்கமும் டிராட் (துள்ளுநடை), கேன்டர் (மெதுவான பாய்ச்சல்). நாக்கு அதன் இடத்திலேயே இருந்தது. லகானை மெல்ல நழுவவிட்டபோது கழுத்தை நீட்டிக் கீழே தேடிப் போனான், முன்பெல்லாம் அப்படி விட்டால் பிடுங்கிக்கொண்டு வேகமெடுப்பான். உதட்டோரம் கொஞ்சம் வெண்ணுரை. வழியும் அளவுக்கு இல்லை. சவாரி முடிந்ததும் கடைவாயைப் பிரித்து, ஈறையும் நாக்கின் ஓரத்தையும் பார்த்தோம், சிவப்பு எதுவும் இல்லை.

ஆனால் இடப்பக்க கேன்டரில் தலை இன்னும் சற்றுச் சாய்கிறது. இதற்கும் வேறு பிட் தேடலாமா என்ற பேச்சு எழுந்தபோது பயிற்சியாளர் தடுத்துவிட்டார். இடது பின்னங்கால் வலதைப் போல உடம்புக்கு அடியில் வந்து ஊன்றவில்லை, அதைத்தான் தலை காட்டிக்கொடுக்கிறது என்றார். பக்கவாட்டு நடைப் பயிற்சியை நாளை முதல் கூட்டுகிறோம். டபுள் பிரைடில் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் நிலைப் போட்டிக்கு, இப்போது போடுவது போன்ற ஒற்றை பிட்டான சாதாரண ஸ்னாஃபிளே போதும், இந்தத் தடித்த நாக்கின் மேல் இரண்டு கம்பிகளை ஏற்றுவதற்கு முன் இன்னொரு முறை வாயை அளக்க வேண்டியிருக்கும். பல் பரிசோதனை ஜனவரியில்.