நரம்பியல் பிஎச்.டி.: முதலில் ஓ.பி.யில் போய் உட்காருங்கள்

கிளினிக்கல் நியூரோசயின்ஸில் பிஎச்.டி. பண்ணலாமா என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்வியோடுதான் வருகிறார்கள்: எந்த நுழைவுத் தேர்வு, எந்த லேப். இரண்டுக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் ஆராய நினைக்கும் நோய்க்கு எந்தக் கிழமை ஓ.பி. நடக்கிறது என்று விசாரித்து, அனுமதி வாங்கிக்கொண்டு, சில வாரம் அங்கே ஓரமாக உட்காருங்கள். அங்கே யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள், ஒருமுறை வந்தவர் மறுபடி வருவாரா என்பதை வைத்துத்தான் உங்கள் பட்டம் நாலு வருடத்தில் முடியுமா, ஆறு வருடம் இழுக்குமா என்பது முடிவாகும்.

எலியின் மூளையை ஆராய்வதும் நியூரோசயின்ஸ்தான். அங்கே எலி குறைந்தால் வாங்கிக்கொள்ளலாம். கிளினிக்கல் என்று பெயரில் சேர்ந்துவிட்டால் பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன், மறதி நோய், மனச்சிதைவு என்று நோயோடு வாழும் மனிதர்கள்தான் உங்கள் ஆராய்ச்சி. நான் தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பெங்களூரில் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்த துறையில், பார்க்கின்சன் நோயாளிகளின் நினைவாற்றலையும் கவனத்தையும் பற்றி ஆய்வு செய்தவள். கீழே சொல்வது அந்த அனுபவத்திலிருந்து வருவது. வலிப்பு பக்கம் போனவர் கேட்டால் வேறு கதை சொல்லக்கூடும்.

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். யு.ஜி.சி. நெட், சி.எஸ்.ஐ.ஆர். நெட், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஜே.ஆர்.எஃப்., டி.பி.டி.யின் (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) பெட் ஆகிய தேர்வுகளில் ஏதாவது ஒன்றில் ஃபெல்லோஷிப்போடு, அதாவது மாதாமாதம் வரும் ஆராய்ச்சி உதவித்தொகையோடு, தேறிவிட்டால் பல கதவுகள் திறக்கும். கையில் சொந்தப் பணம் உள்ள மாணவரை வேண்டாம் என்று சொல்ல எந்த கைடுக்கும் மனம் வராது. 2024 முதல் யு.ஜி.சி. நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். ஜே.ஆர்.எஃப். என்ற அந்த ஜூனியர் ஃபெல்லோஷிப் கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று கணக்கு. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் உள்ள நிம்ஹான்ஸ் மாதிரி தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனங்கள் தனியாக அறிவிப்பு வெளியிடும். அங்கே ஒவ்வொரு துறைக்கும் தகுதி வேறு வேறு. சில இடங்களுக்கு எம்.பி.பி.எஸ். வேண்டும், சிலவற்றுக்கு சைக்காலஜி முதுகலை வேண்டும். அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள், சீனியர் சொன்னதை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

இடங்கள் என்று பார்த்தால், பெங்களூர் நிம்ஹான்ஸ் எல்லாருக்கும் தெரியும். 1995 முதல் அங்கே மனித மூளை வங்கி இயங்குகிறது. வலிப்பு நோயில் ஆர்வம் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். வேலூர் சி.எம்.சி.யில் 1949லேயே நரம்பியல் துறை தொடங்கியாயிற்று. ஹரியானா மானேசரில் என்.பி.ஆர்.சி. (தேசிய மூளை ஆராய்ச்சி மையம்) நல்ல ஆய்வு மையம். ஆனால் அதனோடு சேர்ந்த பெரிய மருத்துவமனை கிடையாது, நோயாளிகளுக்காக வேறு இடத்தோடு கைகோர்க்க வேண்டியிருக்கும். பெயரைப் பார்த்து மயங்காமல் இப்படித்தான் பார்க்க வேண்டும்: ஸ்கேனருக்கும் ஓ.பி.க்கும் நடுவே எவ்வளவு தூரம்?

நேர்காணலில் 'ஏன் இந்தத் துறை' என்று கேட்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு உடனே வி.எஸ். ராமச்சந்திரன் பெயர் வாயில் வரும். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர், கண்ணாடிப் பெட்டியை வைத்து, கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் தெரியும் வலியைக் குறைத்துக் காட்டியவர். வரட்டும், தப்பில்லை. ஆனால் அடுத்த கேள்விக்குத் தயாராக இருங்கள்: 'கண்ணாடியால்தான் வலி குறைந்தது என்று எப்படி நிரூபிப்பாய், ஒப்பீட்டுக் குழுவாக யாரை வைப்பாய்?' அங்கேதான் பலர் விழுகிறார்கள். மூளையின் பாகங்களை ஒப்பிப்பதைவிட ஒப்பீட்டுக் குழு பற்றி ஐந்து நிமிடம் உருப்படியாகப் பேசத் தெரிந்தவரைத்தான் குழு எடுக்கும்.

இனி முக்கியமான விஷயம், ஆய்வுக் கேள்வி. சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எழுதும்போது புள்ளியியல் துறையிடம் போவீர்கள். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட வேண்டும், வித்தியாசம் நடுத்தர அளவில்தான் இருக்கும், அதாவது எஃபெக்ட் சைஸ் (வித்தியாசத்தின் அளவைச் சொல்லும் எண்) 0.5 என்றால், வழக்கமான 5 சதவீதம் பிழை (இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தெரியும் வாய்ப்பு), 80 சதவீதம் பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வைத்துக் கணக்குப் போட்டால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வித்தியாசம் பெரிது, 0.8 என்று நம்ப ஆதாரம் இருந்தால் 26 போதும். 64க்கும் 26க்கும் நடுவே இருப்பது உங்கள் இரண்டு வருட வாழ்க்கை. அதனால் எண்ணைக் குறைக்க வேண்டும் என்பதற்காக 0.8 என்று எழுதிவிடாதீர்கள், உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியில் யாராவது ஒருவர் அதைக் கட்டாயம் பிடிப்பார்.

சரி, 64 பார்க்கின்சன் நோயாளிகள் என்ன பெரிய விஷயம், ஓ.பி.யில் வாரா வாரம் வருகிறார்களே என்று தோன்றும். இப்போது வடிகட்டுங்கள். 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்று நீங்களே எழுதியிருப்பீர்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர், முன்பு பக்கவாதம் வந்தவர், மன அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் போனார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. ஆய்வுக்குள் வர முடியாது. நடுக்கத்தைக் குறைக்க மூளைக்குள் மின்தூண்டல் தரும் டி.பி.எஸ். கம்பி பொருத்தியவரும் அப்படித்தான். அந்தக் குழாய்க்குள் படுக்கவே பயப்படுபவர்கள் சிலர். தலை நடுக்கம் அதிகமாக இருந்தால் படம் கலங்கிவிடும். மிச்சம் இருப்பவரிடம் விளக்கிச் சொன்னால், 'மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று போய்விடுவார். ஓ.பி.யில் உட்காரச் சொன்னது இதற்குத்தான். அங்கே உட்கார்ந்தபடி ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்: வந்தவர் எத்தனை, உங்கள் நிபந்தனைக்குள் பொருந்துபவர் எத்தனை. அந்த விகிதம் தெரியாமல் சினாப்சிஸ் எழுதக் கூடாது.

இன்னொரு சங்கதி மருந்து. பார்க்கின்சன் ஆய்வில் நோயின் அசல் நிலையைப் பார்க்க, முந்தின இரவிலிருந்து சுமார் 12 மணி நேரம் லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரை போடாமல் காலையில் வரச் சொல்வது வழக்கம். இதை 'ஆஃப்' நிலை என்பார்கள். கட்டுரைகளில் ஒரே ஒரு வரியில் இருக்கும். தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் மனைவியிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாத்திரை போடாம கூட்டியாரச் சொல்றியே, கால் எடுத்து வைக்கவே முடியாத மனுசனை விடியக்காலையில பஸ்ல ஏத்துறது யாரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் ஆய்வில் அதற்குப் பதில், முந்தின நாள் மாலையே வரவழைத்து, துணைக்கு வருபவரோடு தங்க வைத்து, மறுநாள் ஸ்கேன் முடிந்த கையோடு மாத்திரையும் இட்லியும் கொடுத்து அனுப்புவது என்று ஆனது. அதற்கான செலவு ஆராய்ச்சி நிதியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் நடந்தது. உங்கள் திட்டத்தில் லேபுக்கு வேண்டிய ரசாயனங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் பணம் கேட்கும்போதே தங்குமிடம், பஸ் கட்டணம், இழந்த கூலி இவற்றையும் எழுதிவிடுங்கள்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை ஒரு சடங்காக நினைக்கிறார்கள். ஐ.சி.எம்.ஆர். 2017ல் வெளியிட்ட நெறிமுறைகளை முழுதாகப் படியுங்கள். கமிட்டியில் மருத்துவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள், வழக்கறிஞர் ஒருவர், துறைக்கு வெளியிலிருந்து ஒரு சாதாரண மனிதர் எல்லாரும் இருப்பார்கள். கடினமான கேள்வி பெரும்பாலும் அந்தச் சாதாரண மனிதரிடமிருந்துதான் வரும். எனக்கு வந்த கேள்வி: 'ஆரோக்கியமானவர் என்று சொல்லி ஒருவரை ஸ்கேன் செய்கிறாய், அவர் மூளையில் கட்டி தெரிந்தால் என்ன செய்வாய்?' இது கற்பனைக் கேள்வி இல்லை. நலமாக இருப்பவர்களின் மூளை எம்.ஆர்.ஐ.களைத் தொகுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய 37 பேருக்கு ஒருவரிடம் எதிர்பாராத ஏதோ ஒன்று தெரிந்தது. உங்கள் ஒப்பீட்டுக் குழுவில் 64 பேர் என்றால் ஒருவரோ இருவரோ வரத்தான் செய்வார்கள். படத்தை எந்த ரேடியாலஜிஸ்ட் பார்ப்பார், யார் அவரிடம் சொல்வது, எந்த ஓ.பி.க்கு அனுப்புவது என்று மூன்று வரி எழுதி வைத்திருந்தால் அந்தக் கேள்வி அதோடு முடியும்.

சம்மதம் வாங்கும் முன் நோயாளியிடம் கொடுக்கும் தகவல் தாள் விஷயத்திலும் கவனம் வேண்டும். பெங்களூரில் ஆய்வு என்றால் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று வைக்க வேண்டியிருக்கும். தமிழ்த் தாளை மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்தால் 'காந்த ஒத்ததிர்வுப் படமெடுத்தல்' என்று வந்து நிற்கும். நோயாளிக்கு 'ஸ்கேன்' என்றால் புரியும், அப்படியே எழுதுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். மறதி நோய் என்றால் சம்மதம் கொடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மனத்திறன் சோதனைகளில் இன்னொரு குழி இருக்கிறது. நினைவு, கவனம் போன்றவற்றைச் சட்டென்று பார்க்கும் மோகா என்ற சோதனைக்கு 30 மதிப்பெண், 26க்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் சேர்த்துக்கொள்ளலாம். நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவரை உட்கார வைத்து கனசதுரம் வரையச் சொன்னால், அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? பென்சிலைப் பிடிக்கவே அவர் கூச்சப்படுவார், ஆனால் கடன் பாக்கியை மனக்கணக்காகப் பைசா சுத்தமாகச் சொல்வார். ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கென்றே ஒரு சோதனையை 1990களில் உருவாக்கியது இதனால்தான். எந்தச் சோதனையை எடுத்தாலும் உங்கள் மொழியில், உங்கள் நோயாளிகளின் படிப்பு நிலைக்கு அது சரிபார்க்கப்பட்டதா என்று பாருங்கள். கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பார்கள்.

பகுப்பாய்வு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழிகள், மூளைப் படங்களுக்கு எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல். மென்பொருள்கள் எல்லாம் பயிற்சியில் வந்துவிடும், இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நோயாளி வராத மழை நாட்களில் கற்றுக்கொள்ளுங்கள்.

பணம். 2023 ஜனவரி முதல் மத்திய அரசு ஃபெல்லோஷிப்பில் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000, எஸ்.ஆர்.எஃப். என்ற சீனியர் ஃபெல்லோ ஆனபின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது மாதா மாதம் வரும் என்று நம்பி பெங்களூரில் வீடு பிடிக்காதீர்கள். சில மாதம் வராமல் இருந்து மொத்தமாக வருவது உண்டு, கையில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதல் சலுகை.

ஊரில் ஒன்று நடக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'மூளை டாக்டருக்குப் படிக்கிறாள்' என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவிடுவார். அப்புறம் சித்தப்பாவின் ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை கேட்டு போன் வரும். இந்த பிஎச்.டி. சிகிச்சை கொடுக்கும் உரிமையைத் தராது. மருத்துவம் படிக்காதவர் இதை முடித்தாலும் மருந்து எழுத முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணி செய்ய வேண்டுமென்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் பதிவும் தனியாக வேண்டும். அந்த ஆசையில் இதில் சேர நினைப்பவர்கள் இப்போதே பாதையை மாற்றிக்கொள்ளுங்கள்.

சேரும் முன் கைடிடம் கேட்க வேண்டியது: எதிக்ஸ் அனுமதி கிடைத்ததிலிருந்து உங்கள் முந்தைய மாணவருக்கு முதல் நோயாளி கிடைக்க எவ்வளவு காலம் ஆனது? நரம்பியல் மருத்துவர் ஒருவர் இணை கைடாக இருப்பாரா, அல்லது பேப்பரில் மட்டும் பெயர் இருக்குமா? ஆய்வுக்கென்று ஸ்கேனர் எந்த நேரத்தில் கிடைக்கும், இரவிலா, ஞாயிற்றுக்கிழமையிலா? இதே கேள்விகளை அவருடைய மாணவர்களிடமும் தனியாகக் கேளுங்கள், கேன்டீனில் வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. இரண்டு பதிலும் ஒத்துப்போனால் தாராளமாகச் சேரலாம்.